கல்லாப் பெட்டியில் மாத்திரை அட்டை எதற்கு?

வணிகர்களின் கல்லாப் பெட்டியைத் திறந்தால், சில்லறைக் காசுக்கும் ரசீதுப் புத்தகத்துக்கும் நடுவே ஒரு மாத்திரை அட்டை கிடப்பதை இன்று பல கடைகளில் பார்க்கலாம். ‘கேஸ் மாத்திரை’ என்று அதற்குப் பெயர். காலையில் கடை திறந்ததும் ஒன்று, மதியச் சாப்பாடு தாமதமானால் ஒன்று, இரவு கணக்கு முடித்து வீடு போய்ச் சாப்பிட்ட பிறகு நெஞ்சு எரிந்தால் இன்னொன்று. யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டால், பக்கத்துக் கடை அண்ணாச்சி சொன்னார் என்று பதில் வரும். இல்லையென்றால், என்றோ ஒரு மருத்துவர் பத்து நாளைக்கு எழுதிய சீட்டு பத்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு மூட்டை துவரம்பருப்பு வாங்குவதென்றால் எந்த ஊர்ச் சரக்கு, எந்த வருடத்துச் சரக்கு, வண்டு விழுந்ததா, ஈரம் உண்டா என்று ஆயிரம் கேள்வி கேட்கிறவர்கள் நாம். ஆனால் தினமும் வாயில் போடுகிற சரக்கைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்துகள் மூன்று வகை. மூன்றும் மூன்று வழியில் வேலை செய்கின்றன. எது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் அவற்றை விழுங்குவதும் தவறு, விற்பதும் தவறு என்பதே என் கருத்து. மருத்துவர்கள் இதைப் பலமுறை சொல்லிவிட்டார்கள். நமக்குப் புரிகிற வியாபார பாஷையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம் என்றே இதை எழுதுகிறேன்.

அமிலம் நமக்குப் பகையா?

நம் இரைப்பை ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை செரிமான நீரைச் சுரக்கிறது. அதில் உள்ள முக்கியச் சரக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம். பருப்பு, பால், முட்டை, இறைச்சி இவற்றில் உள்ள புரதத்தைச் செரிக்க அது வேண்டும். சோற்றோடும் தண்ணீரோடும் உள்ளே போகிற கிருமிகளைக் கொல்ல அது வேண்டும். உணவிலுள்ள பி12 வைட்டமினைப் பிரித்தெடுக்கவும், இரும்புச் சத்தைக் கரைத்துக் கொடுக்கவும் அது வேண்டும். ஆக, அமிலம் நம் பகைவன் அல்ல. கடையில் கண்ணும் கருத்துமாக வேலை செய்கிற ஆள்.

அப்படியானால் எரிச்சல் எங்கிருந்து வருகிறது? இரைப்பையின் உட்சுவருக்குக் கோழைப் படலம் என்ற காப்பு உண்டு. உணவுக்குழாய்க்கு அந்தக் காப்பு இல்லை. இரண்டுக்கும் இடையே உள்ள தசை வளையம் தளர்ந்தால் அமிலம் மேலேறிக் குழாயைச் சுடுகிறது. அதுதான் நெஞ்செரிச்சல். நெஞ்செரிச்சல் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அமிலத்தின் அளவு அதிகமில்லை. இருக்கக் கூடாத இடத்தில் அது இருப்பதுதான் தொல்லை. இரவு பத்தரை மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு, பதினொன்றுக்கு வயிறு முட்டச் சாப்பிட்டு, பதினொன்றரைக்குப் படுத்தால் அமிலம் மேலேறாமல் என்ன செய்யும்? தொந்தி, புகை, மது இவையும் அந்த வளையத்துக்கு எதிரிகள்தான்.

இரண்டாவது தொல்லை, இரைப்பையின் காப்புப் படலமே கெட்டுப்போய்ச் சுவரில் புண் விழுவது. அதைத்தான் அல்சர் என்கிறோம். அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஆர்டர், இயந்திரம், கிடங்கு

இரைப்பையை ஒரு சிறு தொழிற்சாலையாக நினைத்துக் கொள்ளுங்கள். அதன் சுவரில் அமிலம் செய்வதற்கென்றே தனி உயிரணுக்கள் இருக்கின்றன. இந்தத் தொழிற்சாலைக்கு மூன்று வழியில் ஆர்டர் வருகிறது. சாப்பாட்டின் வாசனை வந்ததும், நாவில் சுவை பட்டதும் மூளையிலிருந்து வேகஸ் நரம்பு வழியாக வருவது ஒன்று. உணவு வயிற்றுக்குள் விழுந்ததும் கேஸ்ட்ரின் என்ற ஹார்மோன் இரத்தத்தில் கலந்து வருவது இன்னொன்று. பக்கத்திலேயே இருக்கும் வேறு உயிரணுக்கள் ஹிஸ்டமின் என்ற பொருளை வெளியிட்டு ஆர்டர் கொடுப்பது மூன்றாவது. கேஸ்ட்ரினும் பெரும்பாலும் இந்த ஹிஸ்டமினைத் தூண்டித்தான் தன் காரியத்தைச் சாதிக்கிறது. ஆகவே மூன்றில் ஹிஸ்டமினே பெரிய புரோக்கர்.

ஆர்டர் வந்ததும் உயிரணுவில் உள்ள நுண்ணிய பம்புகள் ஓடத் தொடங்குகின்றன. அவை ஹைட்ரஜன் அணுக்கூறு ஒன்றை வெளியே தள்ளி, அதற்கு ஈடாகப் பொட்டாசியம் அணுக்கூறு ஒன்றை உள்ளே இழுக்கின்றன. நம் முன்னோர் செய்த பண்டமாற்று மாதிரிதான். இதைப் ‘புரோட்டான் பம்ப்’ என்கிறார்கள். இப்படி உற்பத்தியான அமிலம் இரைப்பை என்ற கிடங்கில் வந்து சேர்கிறது.

அமிலத்தைக் குறைக்க வேண்டுமானால் மூன்று இடத்தில் கை வைக்கலாம். கிடங்கில் உள்ள சரக்கை அழிக்கலாம். ஆர்டரைத் தடுக்கலாம். இயந்திரத்தையே நிறுத்தலாம். மூன்று வகை மருந்துக்கும் இதுதான் விளக்கம்.

முதல் வகை: கிடங்குச் சரக்கை அழிப்பது

நம் பாட்டிமார் தண்ணீரில் ஆப்பச் சோடாவைக் கரைத்துக் கொடுத்ததும், இன்று பொட்டலத்தைக் கிழித்துப் பொங்கப் பொங்கக் குடிக்கும் ஈனோவும், மெல்லும் மாத்திரையாகவோ இளஞ்சிவப்பு மருந்தாகவோ வரும் டைஜீன், ஜெலுசில் போன்றவையும் இந்த வகை. காரப் பொருள் அமிலத்தோடு சேர்ந்து அதை முறித்துவிடுகிறது. ஆப்பச் சோடா அமிலத்தோடு சேரும்போது கரியமில வாயு உண்டாகிறது. நமக்கு வரும் பெரிய ஏப்பம் அதுதான். ஏப்பம் விட்டதும் ‘வாயு வெளியேறிவிட்டது’ என்று மகிழ்கிறோமே, அந்த வாயுவில் பெரும் பகுதி நாம் குடித்த மருந்திலிருந்தே வந்தது.

மக்னீசியம் ஹைட்ராக்சைடு வயிற்றை இளக்கும். அலுமினியம் ஹைட்ராக்சைடு மலத்தைக் கட்டும். அதனால்தான் இரண்டையும் சேர்த்து மருந்து செய்கிறார்கள். சில நிமிடங்களில் குணம் தெரியும், ஓரிரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். தொழிற்சாலை ஓடிக்கொண்டே இருக்கும்போது கிடங்கை மட்டும் காலி செய்தால் மீண்டும் நிரம்பத்தானே செய்யும்?

எப்போதோ ஒருநாள் கல்யாண விருந்து சாப்பிட்டு எரிச்சல் வந்தால் இது போதும். ஆனால் இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சோடா உப்பு கலந்த பொட்டலம் ஒன்றில் அரை கிராமுக்கு மேல் சோடியம் இருக்கும். ஒரு நாள் முழுவதற்கும் 2 கிராம் சோடியத்துக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சாம்பாரில் உப்பைக் குறைத்துவிட்டு தினமும் இரண்டு பொட்டலம் கரைத்துக் குடிப்பவர், ஒரு கையால் அடைத்த கடனை மறு கையால் வாங்குகிறார்.

இரண்டாம் வகை: ஆர்டரைத் தடுப்பது

ஒரு காலத்தில் வயிற்றுப்புண் முற்றிவிட்டால் கத்திதான் வழி. இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டி எடுப்பார்கள், அல்லது ஆர்டர் கொண்டுவரும் வேகஸ் நரம்பைத் துண்டிப்பார்கள். அந்த நிலையை மாற்றியவர் ஜேம்ஸ் பிளாக் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1964-ல் இங்கிலாந்தில் ஒரு மருந்துக் கம்பெனியில் சேர்ந்து, ஹிஸ்டமின் வந்து ஒட்டும் இடத்தை அடைத்துவிட்டால் அமிலம் குறையும் என்று ஆராய்ந்தார். அவருடைய குழுவின் உழைப்பில் 1976-ல் சிமெட்டிடின் விற்பனைக்கு வந்தது. 1988-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பின்னால் 1981-ல் வந்த ரானிடிடின், சில ஆண்டுகளில் உலகிலேயே அதிகம் விற்கும் மருந்தாக ஆனது. ஃபமோடிடின் இதே குடும்பத்தின் இன்னொரு பிள்ளை.

இவை அரை மணி, ஒரு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி, பத்து மணி நேரம் போலத் தாங்கும். ஆனால் மூன்று புரோக்கர்களில் ஒருவரைத்தான் இவை நிறுத்துகின்றன. மற்ற இருவரும் வந்துகொண்டுதான் இருப்பார்கள். தினமும் தொடர்ந்து எடுத்தால் ஓரிரு வாரத்தில் உடல் பழகிப்போய் மருந்தின் வீரியம் குறைவதும் உண்டு.

ரானிடிடின் கதையில் நம் தொழிலுக்கு ஒரு பாடம் இருக்கிறது. 2019-ல் இந்த மாத்திரைகளில் என்.டி.எம்.ஏ. என்ற, புற்றுநோயை உண்டாக்கக்கூடும் எனக் கருதப்படும் பொருள் கலந்திருப்பது தெரியவந்தது. மாத்திரை இருப்பில் கிடக்கும் காலம் கூடக் கூட, கிடங்கின் வெப்பம் ஏற ஏற, அந்தப் பொருளின் அளவும் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டது. 2020 ஏப்ரலில் அந்நாட்டுச் சந்தையிலிருந்து ரானிடிடினை எடுத்துவிடச் சொன்னது. நம் நாட்டில் 2022 செப்டம்பரில் வெளியான அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டது. தகரக் கூரைக் கிடங்கில் சித்திரை வெயிலில் மருந்துப் பெட்டியை அடுக்குகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. அரிசி மூட்டை வெந்தால் எடை குறையும். மருந்து வெந்தால் மருந்தே மாறிப்போகும்.

மூன்றாம் வகை: இயந்திரத்தை நிறுத்துவது

இன்று நம் கல்லாப் பெட்டிகளில் கிடப்பது பெரும்பாலும் இந்த வகை. ஓமிப்ரசோல், பான்டோப்ரசோல், ராபிப்ரசோல், எசோமிப்ரசோல் என்று ‘ப்ரசோல்’ என முடியும் பெயர்கள் எல்லாம் ஒரே வம்சம். முதலில் வந்த ஓமிப்ரசோலைக் கண்டுபிடித்தவர்கள் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள். 1988-ல் அங்கே லோசெக் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவுக்குப் போனபோது லாசிக்ஸ் என்ற, நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரையோடு பெயர் குழம்பியதால், 1990-ல் பிரிலோசெக் என்று பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று. மருந்துக் கடையில் ஓர் எழுத்துப் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இந்த மருந்து வேலை செய்யும் விதம் விந்தையானது. விழுங்கியதும் இரைப்பையில் இது ஒன்றும் செய்வதில்லை. அங்கே கரைந்தால் அமிலமே இதை அழித்துவிடும். அதனால்தான் மேலே ஓர் உறை பூசியிருக்கிறார்கள். சிறுகுடலுக்குப் போய்க் கரைந்து, இரத்தத்தில் கலந்து, சுற்றி வந்து, அமிலம் சுரக்கும் அதே உயிரணுவைப் பின்பக்க வாசல் வழியாகச் சேருகிறது. அமிலம் ஊறும் இடத்தில்தான் இது வீரியம் பெற்று, ஓடிக்கொண்டிருக்கும் பம்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது ஒட்டியதுதான். அந்த இயந்திரம் அனேகமாக அத்தோடு சரி. உடல் புதிய பம்பைச் செய்து மாட்டினால்தான் அமிலம் மீண்டும் வரும். ஆகவே இரத்தத்தில் ஒரு சில மணி நேரமே இருக்கும் மருந்து, ஒரு நாள் முழுவதும் பலன் தருகிறது.

இதிலிருந்து மூன்று நடைமுறை விஷயங்கள் புரிந்துகொள்ளலாம்.

முதலாவது, இதைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு விழுங்க வேண்டும். ஓடும் பம்பில்தான் மருந்து ஒட்டும். சாப்பிடும்போதுதான் பம்புகள் ஓடும். சந்தை கூடுவதற்குச் சற்று முன்பு சரக்கு போய்ச் சேர்ந்தால்தானே விற்கும்? சந்தை கலைந்த பிறகு வண்டியை ஓட்டிக்கொண்டு போய் என்ன பயன்? பிரியாணி சாப்பிட்டு நெஞ்சு எரிந்த பிறகு இதைப் போடுவதும் அப்படித்தான்.

இரண்டாவது, எல்லாப் பம்புகளும் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. முதல் நாள் சிக்கியது சில, மறுநாள் சில என்று முழுப் பலன் தெரிய மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். ஒரு மாத்திரை போட்டுவிட்டு, ‘இது கேட்கவில்லை, வேறு கொடு’ என்று கேட்பது சரியல்ல.

மூன்றாவது, மாத்திரையை மெல்லவோ பொடிக்கவோ கூடாது. உறை உடைந்தால் முதல் வீணாகும்.

இவற்றுக்குப் பிறகு வோனோபிரசான் என்ற புதிய சரக்கு ஜப்பானில் 2014 இறுதியில் அனுமதி பெற்று, இப்போது நம் மருந்துக் கடைகளிலும் கிடைக்கிறது. இது பம்புக்குள் பொட்டாசியம் நுழையும் வழியை மறித்துக்கொள்கிறது. பண்டமாற்றில் ஒரு பக்கம் அடைபட்டால் வியாபாரம் நின்றுவிடும் அல்லவா? சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்ற கட்டாயமும் இதற்கு இல்லை. வீரியமான மருந்து என்பதால் மருத்துவர் சொல்லாமல் தொடக் கூடாது.

நிறுத்தினால் எரிகிறதே!

‘நானும் நிறுத்திப் பார்த்தேன், இரண்டே நாளில் முன்னைவிட அதிகமாக எரிந்தது; ஆயுளுக்கும் இது இல்லாமல் முடியாது’ என்று சொல்லும் நண்பர்கள் பலர். இதற்குக் காரணம் அவர்களுடைய நோயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

இயந்திரம் நின்றதும் இரைப்பை சும்மா இருப்பதில்லை. அமிலம் போதவில்லை என்று கேஸ்ட்ரினை மேலும் மேலும் அனுப்புகிறது. ஹிஸ்டமின் தரும் உயிரணுக்களும் பெருகுகின்றன. ஆர்டர்கள் குவிந்துகொண்டே போகின்றன. திடீரென மாத்திரையை நிறுத்தியதும், பல நாள் பூட்டிக் கிடந்த ரேஷன் கடையைத் திறந்த மாதிரி கூட்டம் முண்டியடிக்கிறது. அமிலம் பழைய அளவையும் தாண்டிச் சுரக்கிறது.

2009-ல் டென்மார்க்கில் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. வயிற்றில் எந்தத் தொல்லையும் இல்லாத 120 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பாதிக்கு எட்டு வாரம் எசோமிப்ரசோலும் மறு பாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். நிறுத்திய பின் வந்த நான்கு வாரங்களில், மருந்து எடுத்தவர்களில் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் போன்ற தொல்லைகள் வந்தன. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 15 சதவீதம் பேருக்குத்தான் வந்தன. நோயே இல்லாதவர்களுக்கு, நிறுத்தியதால் நோய்க்குறி! கந்துவட்டிக்காரரிடம் சிறு தொகை வாங்கியவர் வட்டி கட்டவே மறுபடி வாங்குவதைப் போன்றதுதான் இது. மருத்துவரிடம் கேட்டு, அளவைக் குறைத்து, ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி, இடையில் முதல் வகை மருந்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு படிப்படியாக நிறுத்துவதே வழி.

வரவும் செலவும்

நியாயமாகப் பேசவேண்டுமானால் இரண்டு பத்தியையும் எழுத வேண்டும். இந்த மருந்துகள் எத்தனையோ பேரைக் கத்தியிலிருந்து காப்பாற்றியிருக்கின்றன. இரத்தக் கசிவுள்ள புண்ணுக்கும், உணவுக்குழாய் வெந்துபோனவர்களுக்கும், இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுக்கும் வயதானவர்களுக்கும் இவை அவசியம். அப்படி மருத்துவர் தொடரச் சொன்னவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்தக் கூடாது. பதினேழாயிரத்து ஐந்நூற்றுக்கும் மேற்பட்டவர்களிடம் மூன்றாண்டு காலம் பான்டோப்ரசோலையும் வெற்று மாத்திரையையும் ஒப்பிட்டுச் செய்த பெரிய ஆய்வு 2019-ல் வெளிவந்தது. குடல் தொற்று சற்றுக் கூடுதலாக, 1.0 சதவீதத்துக்குப் பதில் 1.4 சதவீதமாக இருந்ததைத் தவிர, பயந்த அளவுக்குப் பெரிய கேடு அதில் தெரியவில்லை.

செலவுப் பத்தியும் உண்டு. கிருமியைக் கொல்லும் அமிலம் குறைவதால் குடல் தொற்று கூடுகிறது. 2013-ல் வெளியான கலிபோர்னிய ஆய்வொன்றில், இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் இவற்றை எடுத்தவர்களிடம் பி12 குறைபாடு அதிகமாகக் காணப்பட்டது. பி12 சத்து இயல்பாகக் கிடைப்பது பால், முட்டை, இறைச்சி இவற்றில்தான். சைவ உணவுக்காரர்களான நம் வணிகர்கள் பலருக்கு அது ஏற்கெனவே குறைவு. கை கால் மரத்துப் போவது, மறதி, அசதி இவற்றை வயதின் குற்றம் என்று விட்டுவிடாமல் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். நீண்ட காலம், பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல் எடுப்பவர்களுக்கு இரத்தத்தில் மக்னீசியம் குறையலாம் என்று அமெரிக்கத் துறை 2011-ல் எச்சரித்தது. இதய அடைப்புக்கு க்ளோபிடோகிரெல் எடுப்பவர்கள் ஓமிப்ரசோலைத் தவிர்க்க வேண்டும் என்று 2009-லேயே சொல்லியிருக்கிறது. அது இதய மருந்தின் வீரியத்தைக் குறைக்கிறது.

இன்னொன்று, நம்மவர்கள் அதிகம் விழுங்கும் ‘டி’ சேர்ந்த மாத்திரை. அதில் பான்டோப்ரசோலுடன் டோம்பெரிடோன் என்ற வாந்தி மருந்தும் இருக்கிறது. இதயத் துடிப்பின் லயத்தைக் கெடுக்கக்கூடும் என்பதால், டோம்பெரிடோனைப் பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2014-ல் பரிந்துரைத்தது. ஒரு வாரத்துக்கான சரக்கை நாம் வருடக் கணக்கில் விழுங்குகிறோம்.

மாத்திரை மறைக்கும் நோய்

எனக்கு உண்மையான பயம் பக்க விளைவுகளைப் பற்றியதல்ல. எரிச்சலை அடக்கிவிட்டு உள்ளே நோயை வளரவிடுவதைப் பற்றியது. கணக்கில் இடிக்கிறது என்றால் எங்கே ஓட்டை என்று தேடுவதுதான் வணிகன் குணம். இடிக்கும் பக்கத்தைப் பேரேட்டிலிருந்து கிழித்துவிட்டால் நட்டம் போய்விடுமா?

வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் கவலையும் காரமும் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 1982-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள் இரைப்பையில் வாழும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியைக் கண்டுபிடித்தார்கள். யாரும் நம்பாததால் 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கிருமி இருந்தால் அமில மாத்திரையோடு நுண்ணுயிர்க்கொல்லிகளையும் சேர்த்து, பொதுவாக இரண்டு வாரம் ஒழுங்காக எடுத்தால் புண் ஆறும். பெரும்பாலும் திரும்ப வராது. வெறும் அமில மாத்திரையை வருடக் கணக்கில் விழுங்கினால் கிருமி அங்கேயே குடித்தனம் நடத்தும். இரைப்பைப் புற்றுக்கும் அது ஒரு காரணம்.

அடுத்த காரணம் வலி மாத்திரை. நாள் முழுவதும் நின்று வியாபாரம் செய்வதால் வரும் முழங்கால் வலிக்கும் இடுப்பு வலிக்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் என்று வாங்கிப் போடுகிறோம். இவை இரைப்பையின் காப்புப் படலத்தை உண்டாக்கும் பொருளையே நிறுத்திவிடுகின்றன. ஒரு கடையில் வலி மாத்திரை, இன்னொரு கடையில் எரிச்சல் மாத்திரை என்று வாங்குகிறவருக்கு, முதலாவதுதான் இரண்டாவதுக்குக் காரணம் என்று யார் சொல்வது?

சாப்பாடு விழுங்கும்போது அடைப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, இரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், சோகை, ஓயாத வாந்தி இவற்றில் எது இருந்தாலும் அது மாத்திரைக்கான விஷயமல்ல. உடனே மருத்துவரைப் பார்த்து எண்டோஸ்கோபி தேவையா என்று கேட்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது நெஞ்சு. மாரடைப்பின் வலியும் ‘கேஸ்’ போலவே வரும். நெஞ்சில் பாரம், இடது கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி, குப்பென்று வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் சோடா குடித்து ஏப்பத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வலியே தெரியாமல் மாரடைப்பு வருவதுண்டு. மருந்து குடித்ததும் கொஞ்சம் குறைந்தது என்பதால் அது இதயம் இல்லை என்றும் ஆகிவிடாது. 108-க்குத் தொலைபேசி செய்யுங்கள். கடையை யாராவது பார்த்துக்கொள்வார்கள்.

விற்பவர்களாக நம் கடமை

மருந்து உரிமம் இல்லாத மளிகைக் கடைகளிலும் பெட்டிக் கடைகளிலும் இந்த மாத்திரைகள் மிட்டாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் தொங்குகின்றன. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ‘கே’ அட்டவணை, ஆயிரம் பேருக்கு மேற்படாத சிற்றூர்களில் முதல் வகை அமில முறிவு மருந்துகளை, உரிமம் பெற்ற மொத்த வியாபாரியிடமோ தயாரிப்பாளரிடமோ வாங்கி, சில்லறை உரிமம் இல்லாமல் விற்க இடம் தருகிறது. ஓமிப்ரசோல், பான்டோப்ரசோல் போன்றவை அதில் சேரா. அவை ‘எச்’ அட்டவணையைச் சேர்ந்தவை. மருத்துவர் சீட்டின் பேரில்தான் விற்க வேண்டும். அட்டையின் ஓரத்தில் உள்ள சிவப்புக் கோடு அலங்காரத்துக்காகப் போட்டதல்ல.

‘நான் கொடுக்காவிட்டால் அடுத்த கடையில் வாங்கிக்கொள்வார். வாடிக்கையாளரை இழப்பதா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஓர் அட்டையில் நமக்கு நிற்பது சில ரூபாய். அதே வாடிக்கையாளர் இருபது வருடம் நம் கடையில் மாத மளிகை வாங்க வேண்டுமானால் அவர் இருபது வருடம் நலமாக இருக்க வேண்டும். எந்தக் கணக்கில் இலாபம் அதிகம் என்பதை வணிகனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மருந்துக் கடை வைத்திருப்பவர்கள் கூடுதலாக மூன்றே கேள்வி கேட்டால் போதும்: எத்தனை நாளாக எடுக்கிறீர்கள்? வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? நெஞ்சில் வலியோ, மலத்தில் கறுப்போ உண்டா? மூன்றில் ஒன்றுக்குப் பதில் சரியில்லை என்றாலும் மருத்துவரிடம் அனுப்புங்கள். மொத்த வியாபாரிகள் உரிமம் இல்லாத கடைக்கு மருந்தை இறக்க வேண்டாம். அட்டையில் 30 டிகிரிக்கு மேற்படாமல், ஈரம் படாமல் வைக்கச் சொல்லியிருந்தால் கிடங்கில் அதற்கான இடம் ஒதுக்குங்கள்.

நம் சங்கங்கள் உறுப்பினர்களுக்காக நடத்தும் மருத்துவ முகாம்களில் கண்ணையும் சர்க்கரையையும் பார்ப்பதோடு, நீண்ட நாள் வயிற்றுத் தொல்லை உள்ளவர்களுக்கும் பி12 குறைவுக்கும் ஒரு மேசை போட வேண்டும் என்பது என் வேண்டுகோள். அதுவரை, வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் இந்த மாத்திரை தேவைப்படுகிறவர்கள் ஒருநாள் கடையை மகனிடமோ தம்பியிடமோ ஒப்படைத்துவிட்டு மருத்துவரைப் பார்த்து வாருங்கள். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் விட முடியாவிட்டால், சாப்பாட்டை எட்டு மணிக்கே கடைக்கு வரவழையுங்கள். மாத்திரைக்கு ஆகும் செலவைவிட ஒரு தூக்குவாளியின் விலை குறைவுதான்.